அட்டையில் அதே 32

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வாக்காளர் பதிவு அட்டை தபாலில் வந்து கிடந்தது. டெக்சஸ் மாநிலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புது அட்டை அனுப்புவார்கள். பெயர், முகவரி, பிறந்த ஆண்டு, அவற்றோடு வரிசையாகச் சில எண்கள்: வாக்குச்சாவடி வட்டாரம், மாநில செனட், மாநிலச் சபை, அமெரிக்க நாடாளுமன்றம். கட்சியின் பெயர் எங்கும் இருக்காது. இந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதியும்போது எந்தக் கட்சி என்று கேட்பதே இல்லை. நாடாளுமன்றம் என்ற இடத்தில் 32 என்று அச்சாகியிருந்தது. பழைய அட்டையிலும் 32தான்.

எதிர் வீட்டுப் பெரியவரும் அதே நேரத்தில் தபால் எடுக்க வந்திருந்தார். வியட்நாமிலிருந்து வந்தவர், டாலஸ் நகரத்தின் வடக்குப் புறத்தில் இருக்கும் எங்கள் தெருவில் என்னைவிடப் பழையவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவியின் தாள்கள் ஓர் அரசு அலுவலகத்தில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தன. யார் யாரிடமோ கேட்டு அலுத்துவிட்டு, கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். தொகுதிகளை மாற்றிவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டதிலிருந்து அவருக்குக் கவலை. அட்டையைக் காட்டினார். "32. மாறவில்லை. நல்லவேளை," என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு முழுக்க அது உறுத்தியது. எண் மாறவில்லை என்பது உண்மை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

பழைய 32ஆவது தொகுதியைக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் குறுக்கே கடந்துவிடலாம். டாலஸின் வடக்கும் வடகிழக்குமான புறநகர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கொரியர்களும் வியட்நாமியரும் இந்தியரும் மெக்சிகோ வம்சாவளியினரும் கடை வைத்திருக்கும் தெருக்கள். புதிய 32 எங்கள் வீட்டருகே தொடங்கி, ரே ஹப்பர்ட் ஏரியைத் தாண்டி, ராக்வால் மாவட்டத்தைத் தாண்டி, கிழக்கு டெக்சஸின் பைன் காடுகளுக்குள் போய் முடிகிறது. நகரத்துக்காரர்களை ஒரு பிடி எடுத்து, கிராமத்துக்காரர்களோடு கலந்தால் நகரத்தின் ஓட்டு கரைந்துபோகும். கணக்கு அவ்வளவுதான்.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால்தான் எனக்கு ஏன் இத்தனை ஆதங்கம் என்பது புரியும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2000இல் நடந்த பிறகு, நாடாளுமன்றத்தில் டெக்சஸுக்கு இருந்த 30 இடங்கள் 32 ஆயின. அப்போது பிறந்தது எங்கள் தொகுதி. 2002இல் டெக்சஸிலிருந்து ஜனநாயகக் கட்சியினர் 17 பேரும் குடியரசுக் கட்சியினர் 15 பேரும் வாஷிங்டன் போனார்கள். அந்தத் தேர்தல் நீதிமன்றம் வரைந்த தொகுதி எல்லைப் படத்தில் நடந்தது. ஆனால் அதே தேர்தலில் மாநிலச் சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்துவிட்டது. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த டாம் டிலே, பத்தாண்டு முடியக் காத்திருக்க வேண்டாம், இப்போதே மாற்றி வரையுங்கள் என்று நெருக்கினார். 2003 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஓக்லஹோமா மாநிலத்தின் ஆர்ட்மோர் ஊருக்குப் போய் ஒரு விடுதியில் தங்கி, சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லாமல் செய்தார்கள். பிறகு கோடையில் 11 செனட்டர்கள் நியூ மெக்சிகோவில் போய் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஒருவர் மனம் மாறித் திரும்பினார், படம் நிறைவேறியது. 2004 தேர்தலில் 17க்கு 15 என்று இருந்தது 11க்கு 21 என்று தலைகீழானது. இருபத்தாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த மார்ட்டின் ஃப்ராஸ்டின் தொகுதியைத் துண்டு துண்டாக்கினார்கள். அவர் எங்கள் 32இல் வந்து நின்று, பீட் செஷன்ஸிடம் தோற்றார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தொகுதியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்கு பலம் சட்டவிரோதமாகக் குறைக்கப்பட்டதாக 2006இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பத்தாண்டுக்கு நடுவே மாற்றி வரைவதை அரசியல் சாசனம் தடுக்கவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கதவு அன்றைக்கே திறந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக யாரும் பெரிதாக அதற்குள் நுழையவில்லை என்பதால் பலர் அதை மறந்திருந்தோம்.

2011இல் மறுபடியும் வரைந்தார்கள். அதுவும் செஷன்ஸுக்குப் பாதுகாப்பாகவே இருந்தது. ஆனால் படத்துக்கும் வயதாகும். வரைந்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று நடந்தது: மக்கள் குடிவந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். எங்கள் தெருவில் பழைய வீடுகளை விற்றுவிட்டுப் போனவர்களின் இடத்தில் வேறு முகங்கள் வந்தன. பழைய முகங்களிலும் சிலருக்கு மனம் மாறியது. 2016இல் இந்தத் தொகுதியில் ஹிலாரி கிளிண்டன் ட்ரம்பை முந்தினார். அதே நாளில் செஷன்ஸை எதிர்த்து ஜனநாயகக் கட்சி ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தியிருக்கவில்லை. அந்த அளவுக்கு இதை அசைக்க முடியாத கோட்டை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். இரண்டே ஆண்டில், 2018இல், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரும் வழக்கறிஞருமான காலின் ஆல்ரெட் ஆறு சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் வித்தியாசத்தில் செஷன்ஸைத் தோற்கடித்தார்.

ஆல்ரெட் சிறந்தவர், செஷன்ஸ் மோசமானவர் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. ஒருவருக்காகவே தைத்த சட்டை ஏழு ஆண்டுகளில் அவருக்குப் பொருந்தாமல் போயிற்று. அதுதான் எனக்கு முக்கியம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் படம் வரைந்தாலும், அதைத் தொடாமல் பத்து ஆண்டுகள் விட்டுவைத்தால் வாக்காளர்கள் அதைத் தோற்கடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. நீதிமன்றம் கைவிட்டாலும் காலம் கைகொடுக்கும். வாக்காளனிடம் மிச்சமிருந்த ஆயுதம் அது ஒன்றுதான். பத்தாண்டுக்கு நடுவே மாற்றி வரைவது அந்த ஆயுதத்தைப் பிடுங்குகிறது. தையல் பிரியத் தொடங்கும்போதே புதுச் சட்டை தைத்துக்கொண்டால் உடம்பு என்ன மாறினாலும் கவலையில்லை.

2021இல் எங்கள் தொகுதியைக் குடியரசுக் கட்சியினர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுற்றியிருந்த ஜனநாயகக் கட்சி ஓட்டுகளையெல்லாம் இதற்குள் திணித்தார்கள். பக்கத்துத் தொகுதிகளைக் காப்பாற்ற அதுதான் வழி. 2024இல் ஆல்ரெட் செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 32இல் ஜூலி ஜான்சன் வென்றார். அடுத்த படம் 2031இல்தான் என்று இருந்தோம்.

2025 ஜூலை 4 அன்று டெக்சஸின் மலைப்பகுதியில் வெள்ளம் வந்தது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றங்கரை முகாமில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமிகளும் அதில் அடக்கம். ஆளுநர் கிரெக் அபட் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரின் பட்டியலில் வெள்ள நிவாரணமும் எச்சரிக்கை மணிகளும் இருந்தன. அதே பட்டியலில் தொகுதி மறுவரையறையும் இருந்தது. டெக்சஸிலிருந்து இன்னும் ஐந்து இடங்கள் வேண்டும் என்று அதிபர் ட்ரம்ப் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில் ஒரு சட்டமன்றம் இதற்கும் நேரம் ஒதுக்கியதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஜூலை 28 அன்று ஆர்லிங்டன் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். நான் வீட்டில் கண்ணாடி முன் நின்று கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்திருந்தேன். எனக்கு முன்னே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அதில் ஒன்றுமே இல்லை. "நீங்கள் எங்களுக்குக் காட்டியிருக்கும் படம் இதுதான்," என்று சொல்லிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் அந்தத் தாளைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். அவர் சொன்னது உண்மை. எதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எங்களை அழைத்திருந்தார்களோ, அந்தப் படம் அன்று வெளியாகியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூலை 30 அன்றுதான் வெளியிட்டார்கள்.

அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் 7,66,987 பேர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தெருவுக்குத் தெரு, சில இடங்களில் வீட்டு வரிசைக்கு வரிசை கோட்டை வளைத்து அந்த எண்ணைப் பிடித்திருந்தார்கள். ஆனால் அந்த மக்கள் 2020 ஏப்ரல் 1 அன்று எண்ணப்பட்டவர்கள். அதன் பிறகு இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த மாநிலத்தில் கூடிவிட்டார்கள். ஐந்து ஆண்டுப் பழைய தலைக்கணக்கை வைத்துக்கொண்டு ஓர் ஆள்கூடப் பிசகாமல் சமத்துவம் காட்டுகிறார்கள். மக்கள்தொகை மாறிவிட்டது, அதனால் திருத்துகிறோம் என்பதுதான் மறுவரையறைக்கு உள்ள ஒரே நியாயம். புதிதாக யாரையும் எண்ணாமலே திருத்தும்போது அந்த நியாயமும் போய்விடுகிறது. இதில் இன்னொன்று: படத்தை வரைந்தவர் எங்கள் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் அல்லர். குடியரசுக் கட்சிக்காகத் தேசிய அளவில் படம் வரையும் ஆடம் கின்கெய்ட். அவரே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

பிறகு நடந்தது உலகம் பார்த்தது. 150 பேர் கொண்ட சபையில் கோரத்துக்கு 100 பேர் வேண்டும். குடியரசுக் கட்சியினர் 88 பேர். ஆகஸ்ட் 3 அன்று ஜனநாயகக் கட்சியினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாநிலத்தை விட்டு வெளியேறினார்கள். நாளுக்கு 500 டாலர் அபராதம், பிடித்து வரச் சொல்லி வாரண்ட். இரண்டு வாரங்கள் தாக்குப்பிடித்துத் திரும்பினார்கள். ஃபோர்ட் வொர்த்தின் நிக்கோல் காலியர் போலீஸ் காவலோடுதான் வெளியே போகலாம் என்ற நிபந்தனையில் கையெழுத்திட மறுத்துச் சபைக்குள்ளேயே இரவைக் கழித்தார். ஆகஸ்ட் 20 அன்று 88க்கு 52 என்று படம் நிறைவேறியது. 29 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார்.

வெளியேறியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களில் பலர் போய்த் தங்கிய இடம் இல்லினாய். அந்த மாநிலத்தில் 2024இல் கமலா ஹாரிஸ் வாங்கியது சுமார் 54 சதவீதம். அங்குள்ள 17 நாடாளுமன்ற இடங்களில் 14 ஜனநாயகக் கட்சியிடம் இருக்கின்றன. அந்தப் படத்தின் தொகுதிகளும் நாடாவைப் போல நெளிந்து கிடப்பவைதான். நியாயம் கேட்டுப் போகிறவர்கள் அங்கே நின்று பேட்டி கொடுத்தபோது எனக்கு வலித்தது.

நவம்பர் 18 அன்று எல் பாசோவில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய படத்தைத் தடுத்தது. தீர்ப்பை எழுதியவர் ட்ரம்பே நியமித்த நீதிபதி ஜெஃப்ரி பிரவுன். இது வெறும் அரசியல் அல்ல, இனத்தை வைத்து மக்களைப் பிரித்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்றார். டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. சட்டமன்றத்தின் நல்லெண்ணத்தை நீதிமன்றம் முதலில் நம்ப வேண்டும், தேர்தல் வேலை தொடங்கிவிட்ட நேரத்தில் குறுக்கிடக் கூடாது என்பது அதன் வாதம்.

இந்த வழக்கில் என்னை உலுக்கியது மாநில அரசின் தற்காப்பு. இனத்துக்காகச் செய்யவில்லை, கட்சிக்காகச் செய்தோம் என்பதே அது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி வரைவது அநியாயமாகவே இருந்தாலும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதில் தலையிட முடியாது என்றது. அதனால் இன்றைக்குக் கட்சிக்காகச் செய்தோம் என்று ஒப்புக்கொள்வது குற்ற ஒப்புதலாக இல்லை; குற்றத்திலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் கையெழுத்தோடு வந்த தொகுதியைப் பார்த்து ஒரு பத்திரிகை, பல்லி போன்ற உயிரினமான சாலமாண்டர் போலச் சிறகும் நகமும் வைத்துக் கேலிப்படம் போட்டதே, அந்தக் காலத்திலேயே இது கேலிக்குரியதாகத்தான் இருந்தது.

என் தங்கை கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். டெக்சஸ் ஐந்து இடங்களைப் பிடிக்கிறது என்றதும் அங்கே ஆளுநர் கேவின் நியூசம் பதிலுக்கு ஐந்து இடங்களைப் பிடிக்கும் படத்தைக் கொண்டுவந்தார். அந்த மாநிலம் 2008லும் 2010லும் வாக்கெடுப்பு நடத்தி, கோடு போடும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பறித்துக் குடிமக்கள் ஆணையத்திடம் ஒப்படைத்திருந்தது. நாட்டுக்கே முன்மாதிரி. அதை 2030 கணக்கெடுப்பு வரை ஓரங்கட்டி வைக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். 2025 நவம்பர் 4 அன்று சுமார் 64 சதவீதம் பேர் சரி என்றார்கள். அவர்களில் என் தங்கையும் ஒருத்தி.

"அண்ணா, வீட்டுக்குள் திருடன் புகுந்த பிறகும் கதவைத் திறந்து வைப்பதுதான் நாகரிகமா?" என்று ஃபோனில் கேட்டாள்.

"அதற்காகப் பக்கத்து வீட்டில் புகுவதா, பாப்பா?"

"நாங்கள் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. படத்தை முன்னே வைத்து ஓட்டுக் கேட்டோம். உங்கள் ஊரில் வெறும் தாளைக் காட்டினார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வித்தியாசம் பெரியது, நான் மறுக்கவில்லை. ஒரு மாநிலத்தில் ஆள்கிறவர்கள் கூடித் தீர்மானித்தார்கள், இன்னொன்றில் மக்கள் தீர்மானித்தார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். டெக்சஸில் ட்ரம்புக்கு விழுந்தது சுமார் 56 சதவீத ஓட்டு. புதிய படம் 38இல் 30 இடங்களைக் குறிவைக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹாரிஸுக்கு விழுந்தது சுமார் 58 சதவீதம்; புதிய படம் 52இல் 48 இடங்களைக் குறிவைக்கிறது. ஓரிகன் எல்லையில் மாடு மேய்க்கிற மோடாக் மாவட்டத்துக்காரரை, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் மரின் மாவட்டத்தோடு ஒரே தொகுதியாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த மோடாக் விவசாயிக்கும் என் எதிர் வீட்டுப் பெரியவருக்கும் நடந்தது ஒன்றேதான். 64 சதவீதம் பேர் சேர்ந்து செய்தார்கள் என்பது அவருக்கு என்ன ஆறுதல் தரும்? தங்கையோடு அன்றைக்குப் பேச்சு பாதியில் நின்றது. இரண்டு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

படம் சட்டமான பிறகு, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் புதிய தொகுதியைப் பார்க்கக் கிளம்பினேன். ஏரிப் பாலத்தைக் கடந்து கிழக்கே போனால் முதலில் புதிய வீட்டு மனைகள், பிறகு புல்வெளி, பிறகு செம்மண்ணும் பைன் மரங்களும். உட் மாவட்டத்தில் சாலையோரம் ஒரு மேசை போட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். அந்தப் பக்கத்துக் கிழங்குக்கு நல்ல பெயர் உண்டு. மண் ஒட்டியபடியே கிழங்குகளைக் கூடைகளில் அடுக்கியிருந்தார். டாலஸிலிருந்து வருகிறேன், அடுத்த தேர்தலில் நீங்களும் நானும் ஒரே தொகுதி என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இதை யார் கேட்டார்கள்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தான் வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்டவர் என்றும் சொன்னார். "இங்கே பாதி வீடுகளில் ஃபோன் சிக்னல் வராது. மருத்துவமனை இருக்கும் ஊர் வெகுதூரம். இனி எங்கள் எம்.பி. உங்கள் டாலஸில் பணக்காரர்கள் வீட்டு விருந்துக்குப் போவாரா, இங்கே வருவாரா?" இரண்டு கிழங்கு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முதலில் கேட்ட அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. அவருடைய கட்சிக்கு லாபம் தரும் படம் இது. அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ராசிபுரத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக இரவெல்லாம் விழித்திருந்தவர். ராசிபுரம் என்றே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது காணாமல்போய் நாமக்கல் தொகுதி வந்தது. அதனால் தொகுதியை இழப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் முதலில் கேட்டது இதுதான்: "கோடு போடுகிறது யார்?"

"சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருப்பவர்கள், அப்பா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "கபடி ஆடுகிறவன் கையிலேயே சுண்ணாம்பைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லியிருக்கிறார்களா, கண்ணு?"

ராசிபுரம் போனபோது முடிவெடுத்தது ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. எல்லாம் 2001 கணக்கெடுப்பை வைத்து நடந்தது. அந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் 39 இடங்களுக்கு என்ன ஆகும் என்ற அச்சம் அங்கே எல்லாருக்கும் இருக்கிறது. அது வேறு சண்டை. ஆனால் அப்பாவின் காலத்தில் அவருடைய தொகுதி போனபோது, எந்த எம்.எல்.ஏ.வும் தன் கட்சிக்காக அதை வெட்டினார் என்று அவர் நினைக்க வேண்டியிருக்கவில்லை. வருத்தப்பட்டார், அவ்வளவுதான். அவமானப்படவில்லை.

டெக்சஸுக்குப் பிறகு மிசௌரி மாநிலம் தன் கான்சாஸ் நகரத்தை மூன்றாகப் பிளந்தது. கறுப்பின மக்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்த பழைய எல்லையான ட்ரூஸ்ட் அவென்யூ மீதே கோடு போட்டார்கள். வட கரோலினா ஓர் இடத்துக்காக மாற்றி வரைந்தது. அந்த மாநிலத்தில் ஆளுநருக்குத் தொகுதிப் படத்தைத் தடுக்கும் அதிகாரமே கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மாநிலமும் விழும் என்றுதான் நானும் நினைத்தேன்.

டிசம்பர் 11 அன்று இண்டியானா விழவில்லை. அந்த மாநில செனட்டில் 50 பேரில் 40 பேர் குடியரசுக் கட்சியினர். ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் ஏழு ஏற்கெனவே அவர்களுடையவை. இண்டியானாபோலிஸ் நகரத்தை நான்காகக் கிழித்து மிச்ச இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். துணை அதிபர் வான்ஸ் நேரில் வந்தார். ட்ரம்ப் பெயர் சொல்லி மிரட்டினார். செனட்டர் கிரெக் குட்டின் பெயரை அவர் சமூக ஊடகத்தில் எழுதிய சில மணி நேரத்தில், குட்டின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தீங்கு நேர்ந்ததாகப் பொய்த்தகவல் போய்ப் போலீஸ் வாசலில் வந்து நின்றது. மைக்கேல் போஹாசெக் என்ற செனட்டருக்கு டவுன் நோய்க்குறியோடு பிறந்த மகள் இருக்கிறாள்; மனவளர்ச்சி குன்றியவர்களை இழிவுபடுத்தும் சொல்லை அதிபர் பயன்படுத்தியதும், என் ஓட்டு இதற்குக் கிடையாது என்று அறிவித்துவிட்டார். வாக்கெடுப்பில் 31 பேர் எதிர்ப்பு, 19 பேர் ஆதரவு. எதிர்த்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். சொந்தக் கட்சிக்குக் கிடைக்கவிருந்த இரண்டு இடங்களை வேண்டாம் என்று தள்ளியவர்கள்.

அந்த வாக்கெடுப்பை நேரலையில் பார்த்தேன். எதிர்ப்பு ஓட்டு 26ஐத் தாண்டியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். தங்கைக்கு ஃபோன் செய்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, எங்கள் ஊரில் இப்படி ஒருவர்கூட எழுந்திருக்கவில்லையே," என்றாள். அது முழு உண்மையல்ல. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட் தலைவர் பில் ஃபெர்குசன், தன் கட்சியே நெருக்கியும் இதற்கு உடன்பட மறுத்தார் என்று சொன்னேன். பழையபடி பேச ஆரம்பித்தோம்.

இதை நிறுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மாநிலங்கள் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தும் முறையை நாடாளுமன்றம் மாற்றலாம் என்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. பத்தாண்டுக்கு நடுவே வரைவதைத் தடைசெய்யும் மசோதாவைக் கலிஃபோர்னியாவின் கெவின் கைலி கொண்டுவந்தார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது குடியரசுக் கட்சியில். அவருடைய தொகுதியையே கலிஃபோர்னியா சிதைத்தது. தனக்கு வலித்த பிறகு வந்த ஞானம்தானே என்று சிலர் சொன்னார்கள். எப்படி வந்தாலும் எனக்குச் சம்மதம். என் எம்.பி. அலுவலகத்துக்கு அதைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறேன். நான்காவது முறையும் எழுதுவேன்.

அட்டை வந்த மறுநாள் காலையில் எதிர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் தேநீர் கொடுத்தார். சமையலறை மேசையில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் வீட்டை விரலால் தொட்டுக் காட்டி, அங்கிருந்து கிழக்கே காடு வரை இழுத்துக்கொண்டு போனேன். விரல் போகப் போக அவர் கூடவே குனிந்து பார்த்தார். இப்போது இருப்பவர் பக்கத்துத் தொகுதியில் நிற்கிறார், இங்கே புதிதாக யாரோ வருவார் என்றேன்.

"அப்படியானால் இந்த எண்?" என்று குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார்.

2027 ஜனவரி 3 வரை இது செல்லும் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். தாளில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் தேதியை எழுதினேன். அதற்குக் கீழே, புதிய எண்ணுக்காக, ஒரு வரி இடம் விட்டு மறுபடி ஒட்டிவைத்தோம்.